உறை ஆயுதம் இல்லையாம்

“உறை ஆயுதம் இல்ல யக்கா. அதை நீங்களே வச்சுக்கிடுங்க.”

ஏட்டு அப்படிச் சொன்னபோது என் கத்திகள் இருபத்து மூன்றும் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் அரிசிச் சாக்குக்குள் கிடந்தன. அவர் கையில் ஒரு தோலுறை இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு பழைய செருப்பை வீசுவதுபோல் சோபாவில் வீசினார்.

காலை பத்து மணி இருக்கும். குசினியில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கையில் கரண்டியோடு நின்றேன். வீட்டிலேயே கூர்மையான பொருள் குசினியில் கிடந்த அருவாமனைதான். வந்த மூன்று காவலர்களும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. தக்காளிகூட நறுக்க முடியாத என் கிழட்டுக் கத்திகள்தான் பயங்கர ஆயுதமாம்.

“ரசீது?” என்று கேட்டேன்.

“என்ன ரசீது?”

“இருபத்து மூணு சாமான் எடுத்துட்டுப் போறிய. எடுத்ததுக்கு ஒரு தாள் வேண்டாமா?”

கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் அலுவலகத்தில் நான் காலமெல்லாம் டைப் அடித்தவள் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு டப்பா கண்டென்ஸ்டு மில்க்கூட தாள் இல்லாமல் எங்கள் கிடங்கை விட்டுப் போனதில்லை. என் வீட்டை விட்டு மட்டும் போய்விடுமா? வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

ஏட்டு ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதினார். ‘கத்தி - 23.’ அவ்வளவுதான்.

“எல்லாம் ஒரே கத்தியா? ஒண்ணு கூர்க்கா வச்சிருக்கிற குக்ரி, ஒண்ணு பயனெட்டு, ஒண்ணு வேட்டைக் கத்தி. பிரிச்சு எழுதுங்க.”

“கத்தின்னா கத்திதான யக்கா. பின்ன என்ன, பூவா?”

என் வீட்டுக்காரர் அந்தோணி கேட்டருகே நின்று, தெருவில் கூடியவர்களிடம் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க விசைப்படகு இன்ஜின்களோடு மல்லுக்கட்டிய மனுஷன். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாக்கைத் தூக்கி ஜீப்பில் போட்டபோது உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

ஃபேன் மாட்ட வந்தவர்

யாரும் என்மேல் வழக்குப் போடவில்லை. நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், நான் காபி போடப் போன நேரத்தில், திறந்திருந்த அலமாரியைப் போட்டோ எடுத்திருக்கிறார். சாயங்காலம் அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ‘தூத்துக்குடியில் வீட்டுக்குள் ஆயுதக் குவியல்’ என்று தலைப்பு. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் துபாயிலிருந்து என் கொழுந்தன் போன் போட்டு, “மைனி, நம்ம வீட்டு அலமாரி மாதிரியே இருக்கு” என்றான். அவனிடமும் அந்தோணி “ஒண்ணுமில்ல” என்றுதான் சொன்னார்.

வேறு ஊராக இருந்தால் பழைய பொருள் சேர்க்கும் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். தூத்துக்குடி என்றால் மட்டும் எல்லோருக்கும் உடனே அருவாள் ஞாபகம் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் முத்து எடுத்தார்கள், சங்கு எடுத்தார்கள், இன்றைக்கும் உப்பு எடுக்கிறார்கள், கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றுகிறார்கள். அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. போங்கய்யா!

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு பெரியவர் கடிதம் போட்டிருந்தார். “பெண்பிள்ளைக்கு எதற்கம்மா கத்தி?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, தபால்தலை சேர்க்கிறவரிடம் யாருக்குக் கடிதம் எழுதப்போகிறீர்கள் என்று கேட்பீர்களா? பிடித்திருக்கிறது, சேர்க்கிறேன். வேறு காரணம் வேண்டுமென்றால் சொல்கிறேன். ஒரு கத்தியைக் கையில் எடுத்தால் அதைச் செய்தவன் தெரிவான், தூக்கித் திரிந்தவன் தெரிவான். பிடியில் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்தால், எவனோ முகம் தெரியாத சிப்பாயோடு கைகுலுக்கின மாதிரி இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

உறைக்குள் வைக்காதே

இருபத்து மூன்று கத்தி போனது, இருபத்து மூன்று உறை வீட்டில் தங்கியது. இது எப்படி என்று கேட்பீர்கள். அது என் தவறு. இல்லை, தவறு என்று சொல்ல மாட்டேன். அது என் ஒழுங்கு.

விவரம் தெரியாதவர்கள் பழைய கத்தியை உறைக்குள் செருகித்தான் வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பதனிட்ட தோலில் ஒரு புளிப்பு இருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் இரும்பை அரித்துவிடும். பிறகு கத்தியை உருவினால் பாதி உறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கத்திகளுக்கு ஒரு அலமாரி, உறைகளுக்கு இன்னொன்று. மாதம் ஒருமுறை கத்திகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவுவேன், உறைகளை நிழலில் காற்றாட வைப்பேன். அந்தோணி அந்த நாளை ‘கத்திகளுக்கு எண்ணெய்க் குளியல்’ என்பார்.

காவலர்கள் முதல் அலமாரியைத்தான் காலி செய்தார்கள். இரண்டாவதைத் திறந்து, ஓர் உறையை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏதோ தோல் சாமான்” என்று மூடிவிட்டார்கள்.

ஆனால் சேர்க்கிறவர்களுக்குக் கத்தி பாதி, உறை பாதி. உறையில்லாத கத்தியை நான் வாங்கியதே இல்லை. ஆழ்வார்திருநகரியில் ஒரு பழைய மிராசுதார் வீட்டில் மான்கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்தி ஒன்று இருந்தது. அவர்கள் அதைப் பூஜையறையில் வைத்து, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் குங்குமம் வைத்து வந்தார்கள். தர ஒப்புக்கொண்டார்கள். உறை எங்கே என்று கேட்டால், அந்த வீட்டு அம்மா, “உறையைத் தர மாட்டோம். எங்க அத்தை காலத்துலருந்து ஊதுபத்தி அதுலதான் வச்சிருக்கோம்” என்கிறார்.

மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். மூன்றாம் தடவை பித்தளையில் அழகான ஊதுபத்திக் குழல் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டுவிட்டு உறையை எடுத்து வந்தார். அந்த உறையில் இன்றைக்கும் சந்தன வாசனை போகவில்லை. ஏட்டு மோந்து பார்த்தாரே, அது அந்த உறைதான்.

தரையில் கொட்டிய சாக்கு

மனு எழுதினேன். நானே டைப் அடித்தேன், ஒரு பிழை இல்லாமல். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அந்தோணிக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏளா, போனது போகட்டும். விட்டுத் தொலையேன். கேஸு கீஸுன்னு போட்டுட்டா?”

“போடட்டும். போட்டா அதுக்கும் ஒரு தாள் தரணும்லா?”

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைக்கும் எனக்குத் தூக்கம் போகும். ஸ்டேஷனின் எந்த ஓதம் பிடித்த மூலையில் கிடக்கின்றனவோ என்று. எண்ணெய் தடவ ஆள் இல்லை. ஒருநாள் வாய்விட்டு அழுதும் விட்டேன். கத்திக்காகவா அழுதாய் என்று கேட்டால், ஆமாம், கத்திக்காகத்தான் அழுதேன்.

கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வழக்கு எதுவும் இல்லை, பழம்பொருள்தான், அடையாளம் காட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று.

உறைகள் இருபத்து மூன்றையும் இரண்டு கட்டைப்பைகளில் அடுக்கி, ஸ்கூட்டரில் அந்தோணிக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். “உறை எதுக்குளா? கத்தியைத்தான வாங்கப் போறோம்” என்றார். பேசாமல் வண்டியை ஓட்டச் சொன்னேன்.

ஸ்டேஷனில் இளவயது எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஏட்டு பின்னறையிலிருந்து சாக்கைத் தூக்கி வந்து தரையில் கொட்டினார். இருபத்து மூன்றல்ல, ஐம்பதுக்கு மேலே கிடந்தன. வெட்டருவாள், வீச்சருவாள், சூரிக் கத்தி, கோழி வெட்டுகிற கத்தி. எந்தெந்த வழக்குச் சாமான்களோடெல்லாமோ என் கத்திகளைக் கலந்துவிட்டார்கள்.

“எதெது உங்களுதுன்னு எடுத்துக் காட்டுங்கம்மா” என்றார் எஸ்.ஐ. “ஆனா நீங்க சொல்றதை மட்டும் வச்சு எழுத முடியாதுங்க. ஏதாச்சும் ஆதாரம் வேணும்.”

“ஆதாரம் கொண்டுவந்திருக்கேன்” என்று கட்டைப்பையைக் கவிழ்த்தேன்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலில் குக்ரியை எடுத்தேன். அதன் வளைவுக்கு அந்த ஓர் உறையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் பொருந்தாது. செருகினேன், உட்கார்ந்தது. அடுத்து ஒரு பயனெட்டு, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி. அதன் பிடியருகே பொறித்த எண்ணையும் உறையின் வாய்ப்பட்டையில் இருந்த எண்ணையும் எஸ்.ஐ.யிடம் காட்டினேன். அவர் குனிந்து இரண்டையும் வாசித்துவிட்டு, தானும் தரையில் குந்திவிட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு கத்தியும் அதனதன் உறைக்குள் போய் ‘சளக்’ என்று நின்றது. எழுத வந்த காவலர், ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுக்க வந்த கணவன் மனைவி, டீ கொண்டுவந்தவர் என்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஊதுபத்தி உறையை எடுத்தபோது அதை ஏட்டுவின் மூக்கருகே நீட்டினேன்.

“ஞாபகம் இருக்கா? ஆயுதம் இல்லன்னு சொன்னியளே!”

ஏட்டு பல்லைக் காட்டினார். “தப்புத்தான் யக்கா. அன்னைக்கு இதையும் அள்ளிட்டு வந்திருந்தா இன்னைக்கு உங்க பாடு திண்டாட்டம்தான்.”

பல கத்திகளில் துரு ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செருகினேன். இருபத்திரண்டு முடிந்தது. ஓர் உறை மிஞ்சியது. தரையில் கிடந்த அத்தனையையும் புரட்டிப் பார்த்தேன், சாக்கை உதறிப் பார்த்தேன். அதற்குரிய கத்தி இல்லை.

சலேத்தக்கா கத்தி

காணாமல் போனது எது என்று நினைக்கிறீர்கள்? மான்கொம்புப் பிடி அல்ல, வெள்ளிப் பூண் போட்டதும் அல்ல. இருக்கிறதிலேயே அசிங்கமானது. நுனி ஒடிந்த பயனெட்டு. ஆனால் அது என் முதல் கத்தி.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கப்பலுக்கு மீன் வாங்கப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று என்னைத் தருவைகுளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கடற்கரையில் சலேத்தக்கா என்ற பெண் சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த கத்தியில் ஒரு கிரீடமும் எண்ணும் பொறித்திருந்தது. பிடியில் துப்பாக்கியில் மாட்டுவதற்கான பள்ளம். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், பார்த்ததும் தெரிந்துவிட்டது. எந்தச் சண்டைக்கோ செய்த இரும்பு, எங்கள் கரையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தது.

கேட்டேன். “இதை உனக்குக் குடுத்துட்டு நான் நகத்தாலயா அறுப்பேன்?” என்றார்.

அடுத்த நாள் இரும்புக்கடையில் நல்லதாக ஒரு கத்தி வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். அதை ஒரு மீனில் போட்டுப் பார்த்தார். திருப்தி. பழையதைக் கழுவித் துடைத்து மணலில் வைத்தார். “கையில தர மாட்டேன், கீழருந்து எடுத்துக்க. கத்தியைக் கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்” என்றார். பிறகு யோசித்து, “இதுக்கு ஒரு கூடு கெடந்துச்சே” என்று வீட்டுக்குள் போனார். ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஓர் இரும்புறையை எடுத்து வந்தார். உப்பைச் சுரண்டிப் பார்த்தேன். கத்தியில் இருந்த அதே எண். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

மீன் அறுத்துத் தேய்ந்த கத்தி. பார்க்கிறவருக்கு வெறும் மீன்கத்தி. அதனால்தான் யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

கையெழுத்து

எஸ்.ஐ. தாளை நீட்டினார். ‘கத்தி 23 பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தது.

“இருபத்திரண்டுதானே இருக்கு?”

“பாருங்கம்மா, உத்தரவு இருபத்து மூணுக்குத்தான் வந்திருக்கு. மாத்தி எழுதணும்னா திரும்ப மேலே அனுப்பணும். எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க. நீங்க இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிடலாம்.”

அந்தோணி என் தோளைத் தொட்டார். “போடுளா. இருபத்திரண்டு வந்துட்டுல்லா. ஒரு ஒடிஞ்ச கத்திக்கா...”

“வாங்காததை வாங்கினேன்னு எழுதச் சொல்லுதியளா?”

அப்போதுதான் ஏட்டு, நல்ல மனதோடுதான், ஒரு யோசனை சொன்னார். குவியலிலிருந்து சூரிக் கத்தி ஒன்றை எடுத்தார். “யக்கா, இதை அதுக்குப் பதிலா எடுத்துக்கிடுங்க. இருபத்து மூணு சரியாப் போச்சு. உங்களுக்கும் பொய் இல்ல, எங்களுக்கும் தொல்லை இல்ல.” கத்தியை அந்தோணியின் கையில் வைத்தார்.

அந்தோணி அதைப் பார்த்தார். பிடியில் ஓர் அட்டை கட்டியிருந்தது. எழுத்து அழிந்துபோயிருந்தது.

“இது எந்தக் கேஸு கத்தி?” என்றார்.

“பழைய கேஸு அண்ணாச்சி. யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“இதால யாரையாவது...”

எஸ்.ஐ. முகம் சிவந்துவிட்டது. “ஏட்டய்யா, அதை முதல்ல வாங்கி வைங்க” என்றார். அந்தோணி கத்தியைத் தரையில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார், இரண்டு தடவை துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏளா, கையெழுத்துப் போடாத.”

காக்கியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற மனுஷன் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னம்மா பண்றீங்க?” என்றார் எஸ்.ஐ.

“சரக்கு முழுசா வரல. திருப்பி அனுப்புதேன்.”

அந்தோணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் உருவி உருவி அவர்கள் மேசைமேல் வைத்தேன். குக்ரி, வேட்டைக் கத்தி, பயனெட்டுகள். காவல் நிலையத்துக்குள் உட்கார்ந்து, போலீஸ் முன்னிலையில் இருபத்திரண்டு கத்தியை உருவின பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புகார் கொடுக்க வந்த கணவனும் மனைவியும் சண்டையை மறந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

என் பையிலிருந்த எண்ணெய்க் குப்பியை மேசைமேல் வைத்தேன். “வச்சிருக்கிற வரைக்கும் மாசம் ஒருக்கா தடவுங்க. என் இருபத்து மூணும் ஒண்ணா வரும்போது வாங்கிக்கிடுதேன்.”

வெறும் உறைகளோடு வெளியே வந்தோம். துருப்பிடித்த என் பிள்ளைகளை நானே அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்ற நினைப்பு வழியெல்லாம் அறுத்தது. ஆனாலும் திரும்பிப் போகலாமா என்று அந்தோணியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை

பன்னிரண்டாம் நாள் எஸ்.ஐ. போன் செய்தார். போனோம். தாளில் ‘பெற்றுக்கொண்டது 22, கிடைக்கப்பெறாதது 1’ என்று எழுதியிருந்தார். அவர் நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குக் கிடைக்காமல் போகவில்லை, அவர்களிடம் இருந்தபோது காணாமல் போனது. அதை அப்படியே எழுதச் சொன்னேன். ‘நுனி ஒடிந்த பயனெட்டு’ என்று பெயரையும் போடச் சொன்னேன். அரைமணி நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார், முத்திரையும் குத்தினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மேசைமேல் என் கத்திகள் எண்ணெய் பளபளக்க வரிசையாக இருந்தன. யார் தடவினார்கள் என்று கேட்டேன். ஏட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சலேத்தக்காவின் கத்தி வரவில்லை. எந்த வீட்டுக் குசினியிலோ சீலா அறுத்துக்கொண்டிருக்கும். அறுக்கட்டும், அதற்கு அந்த வேலை தெரியும். அதற்காக அதை விட்டுவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. வாரம் தவறாமல் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அந்தோணிதான் கொண்டுபோய் விடுகிறார். முன்னெல்லாம் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவார், இப்போது வாசல்வரை வருகிறார்.

போன திங்கட்கிழமை வாசலில் ஒரு புதுக் காவலர் நின்றார். இப்போதுதான் மாற்றலாகி வந்திருக்கிறார் போலிருக்கிறது.

“என்னம்மா, என்ன புகார்?”

“புகார் இல்ல. என் சாமான் ஒண்ணு இங்கன இருக்கு. வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்.”

“என்ன சாமான்?”

“கத்தி.”

அவர் ஓரடி பின்னால் போனார். உள்ளேயிருந்து ஏட்டுவின் குரல் கேட்டது.

“ஏலே, அவியள விடுலே. அந்த நாற்காலியத் தூக்கிப் போடு.”

போட்டார். உட்கார்ந்தேன்.